ஆறு மீற்றரும் ஒரு கதியாலும்

போன மாதம் ஒரு அந்தியேட்டி வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். கதை சுற்றி வளைத்து என்னுடைய கரவனில் வந்து நின்றது. முன்பு கணக்காளராக இருந்த ஒரு நண்பர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளைக்காரன் விடுமுறைக்குப் போயும் புல்லுக்குள்ளை கட்டை அடிச்சு, இதிலை நில், அதிலை நில்லாதை எண்டு சட்டம் போடுறான். நீங்கள் காசும் குடுத்து அந்தச் சட்டத்துக்குள்ளை போய் நிக்கிறியள்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். செத்தவீட்டுச் சபையில் வாதாட முடியாது. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கத்தை வாசிப்பவர். கோபித்தால் தொலைபேசி எடுக்கட்டும்.

கரவன் பழக்கமில்லாதவர்களுக்கு முதலில் விசயத்தைச் சொல்லவேண்டும். கார் இழுத்துப்போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளுக்குள் இருக்கும். இங்கிலாந்தின் கடற்கரைகளிலும் மலையடிவாரங்களிலும் இதைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கென்றே தோட்டம் மாதிரி இடங்கள் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு நிலம். புல்லாக இருக்கும், அல்லது சல்லி போட்டு இறுக்கியிருப்பார்கள். ஒழுங்காக நடத்தப்படும் இடங்களில் அந்தத் துண்டில் ஒரு முளை அடித்திருக்கும், இலக்கத்தோடு. உங்கள் கரவனின் பின்மூலைகளில் அவர்கள் சொல்லும் மூலை அந்த முளையோடு ஒட்டி நிற்கவேண்டும். நண்பர் சிரித்த கட்டை இதுதான்.

மூலையை முளைக்குக் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. காரைத் திருப்பும் திசைக்கு எதிர்த்திசையில் கரவன் திரும்பும். மனுசி பின்னால் நின்று கை காட்டுவா. "வாங்கோ, வாங்கோ, காணும்" என்று அவ சொல்வதற்குள் நான் அரையடி தாண்டியிருப்பேன். நாற்பத்தைந்து வருசக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் பெரிதாகச் சண்டை பிடித்தது எல்லாம் கரவனைப் பின்னுக்கு எடுக்கும்போதுதான். மூலை சரியாக வந்தபிறகு மட்டம் பார்க்கவேண்டும். தாழ்ந்த பக்கச் சில்லுக்குக் கீழே சாய்வுக்கட்டை வைத்து முதலில் குறுக்கு மட்டம், பிறகு முன்சில்லை உயர்த்தி அல்லது பதித்து நெடுக்கு மட்டம். கடைசியாகத்தான் நான்கு மூலைக் கால்களையும் இறக்குவது. மட்டமில்லாவிட்டால் காஸில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒழுங்காகக் குளிராது, இரவில் தலைக்கு இரத்தம் ஏறும். இவ்வளவும் முடிய அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு தேத்தண்ணி.

சரி, ஏன் அந்த முளை? அதிலிருந்து அடுத்த முளைக்கு உள்ள தூரத்தை ஒருதரம் அளந்து பாருங்கள். இரண்டு கரவன்களுக்கு நடுவில் குறைந்தது ஆறு மீற்றர், ஏறக்குறைய இருபது அடி, வரும்படி கணக்குப் போட்டு அடித்திருப்பார்கள். இந்த நாட்டில் கரவன் இடங்களுக்கு உரிமம் கொடுக்கும் சட்டம் 1960இல் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ், சுற்றுலாக் கரவன்கள் நிற்கும் இடங்களுக்கு 1983இல் அரசாங்கம் மாதிரி நியமங்களை வெளியிட்டது. அதில் இருக்கிறது அந்த ஆறு மீற்றர். நடுவில் காரை விடலாம், ஓனிங் போடலாம். ஓனிங் என்றால் கரவனின் பக்கத்தில் பூட்டுகிற துணித் தாழ்வாரம். ஆனால் என்ன வைத்தாலும் அந்த ஆறுக்குள் மூன்று மீற்றர் வெறுமையாகவே இருக்கவேண்டும். காரணத்தையும் அந்த நியமமே சொல்கிறது: நெருப்புப் பரவாமல் இருக்க.

கரவனின் சுவர் என்ன சுவர்? மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் நுரை, உள்ளுக்கு ஒட்டுப்பலகை. முன்பக்கப் பெட்டிக்குள் காஸ் சிலிண்டர். நோர்போக் கரையில் ஓரிடத்தில் காலையில் நாய் கூட்டிக்கொண்டு போனபோது, முதல்நாள் எரிந்த ஒரு கரவனைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இரும்புச் சட்டமும் இரண்டு சில்லு வளையமும் ஒரு கறுத்த நீள்சதுரமும். ஆட்கள் வெளியில் நின்றபடியால் தப்பினார்கள். பக்கத்துக் கரவனின் ஓனிங்கில் ஒரு பொத்தல்கூட இல்லை. நான் அந்த இடைவெளியை நடந்து பார்த்தேன். ஆறு மீற்றர்தான். 1983ஆம் ஆண்டு நெருப்பு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு எப்படிப் போகும் என்று கொழும்பில் கண்ணால் கண்டவன் நான். அதே ஆண்டில் இங்கே யாரோ ஒரு எழுதுவினைஞர் மேசையில் இருந்து, விடுமுறைக்குப் போகிறவனின் நெருப்பு பக்கத்து வீட்டுக்காரனிடம் போகக்கூடாது என்று தாளில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலேயக் கரவன்களுக்கு வாசல் இடப்பக்கம். எல்லாரும் ஒரே திசைக்கு நிறுத்தினால் என் வாசல் பக்கத்து வீட்டுக்காரரின் வாசலில்லாத முதுகைப் பார்க்கும். அவர் என்ன சமைக்கிறார், எந்த உடுப்போடு இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. ஒருவர் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினால் இரண்டு வாசலும் முகத்துக்கு முகம் பார்க்கும். அதற்குப் பிறகு காலையில் பல் தீட்டும்போதும் குட்மோணிங் சொல்லவேண்டும்.

இதெல்லாம் நண்பருக்குத் தெரியாத விசயம் இல்லை. அவருடைய எரிச்சல் வேறு. சட்டம் என்றாலே எங்களை அடக்குவதற்கு என்று அவர் நினைக்கிறார். நான் சொல்வது நேர்மாறு: எழுதி, அளந்து, முளையடித்து வைத்த சட்டம் எங்களைப் போன்ற வந்தேறிகளுக்கு நண்பன். எழுதாத "ஒழுங்கு"தான் எதிரி. இதை நான் ஒரு வயலுக்குள் நின்று படித்தேன்.

கரவன் வாங்கிய முதல் கோடை அது. 2012. ஐந்து கரவன் வரைக்கும் நிற்கலாம் என்று ஒரு பண்ணை. முளை இல்லை, இலக்கம் இல்லை. "விரும்பின இடத்திலை நில்லுங்கோ, எங்களிட்டைச் சட்டம் ஒண்டும் இல்லை" என்று பண்ணைக்காரர் பெருமையாகச் சொன்னார். நல்ல மனிசன். நாங்கள் போன நேரம் வயலில் இரண்டே இரண்டு கரவன். வேலியோரம் ஒரு மூலையில் நிறுத்தி, மட்டம் பார்த்து, கால் இறக்கி, தண்ணி உருளையை உருட்டிக்கொண்டு வர, எதிர்க் கரவனில் இருந்து ஒருவர் வந்தார். சிரித்த முகம். "அதிலே வழக்கமாக வேறு ஒரு குடும்பம் நிற்கும், உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை" என்றார். அவர்கள் இன்றைக்கு வருகிறார்களா என்று கேட்டேன். அது தெரியாது என்றார். கிளப்பினேன். இரண்டாவது இடத்தில் மட்டம் பார்க்கும்போது அவருடைய மனைவி வந்தா. அவ்விடத்தில் நின்றால் மாலையில் தங்களுக்குச் சூரியன் மறைவது தெரியாதாம். கிளப்பினேன். மூன்றாவது இடத்தில் நின்றதற்கு மற்றக் கரவன்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையைத் திருப்பி எங்களுக்கு முதுகு காட்டி வைத்துக்கொண்டு இருந்தார். அங்கே நிலம் சரிவு. போட்ட சாய்வுக்கட்டை போதாமல் இரவு முழுக்கக் கட்டிலில் உருண்டோம்.

அடுத்த நாள் பின்னேரம் புதிதாக ஒரு கரவன் வந்தது. முதல் தரம் நான் நின்ற அதே மூலையில் போய் நின்றது. வழக்கமான குடும்பம் இல்லை. தாங்கள் அந்தப் பண்ணைக்கு வருவது இதுதான் முதல்தரம் என்று குழாயடியில் அந்தப் பெண்ணே என் மனுசிக்குச் சொன்னா. அவர்களிடம் போய் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு எல்லாருமாக வைன் குடித்தார்கள்.

இது நிறவெறியா என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதுதான் கொடுமை. முதல்நாள் அந்த மனிதர் உண்மையிலேயே ஒரு பழைய சிநேகிதக் குடும்பத்துக்காக இடம் பிடித்திருக்கலாம். அடுத்த நாள் அவருக்கு அலுத்துப்போயிருக்கலாம். எழுதாத சட்டத்தை யார் மேல் பாவிக்கிறார்கள், யாருக்குத் தளர்த்துகிறார்கள் என்று கேட்க ஒரு வாசலும் இல்லை. பண்ணைக்காரரிடம் போனால், "நான் ஒரு சட்டமும் போடயில்லையே" என்பார். உண்மைதானே. மனுசி ஞாயிறு விடியவே வெளிக்கிடுவோம் என்றா. கட்டின காசில் ஐந்து இரவு மிச்சம் இருந்தது.

அடுத்த வருசம் முளை அடித்த ஓர் இடத்துக்குப் போனோம். நாங்கள் முளையில் நின்றோம். பிந்தி வந்த ஒருவர், பெரிய இரட்டைச் சில்லுக் கரவன், விலை உயர்ந்த கார், தன் முளையை விட்டு எங்கள் பக்கம் ஒன்றரை மீற்றர் தள்ளி நிறுத்தி ஓனிங்கையும் விரித்துவிட்டார். நான் வாய் திறக்கவில்லை. திறக்கத் துணிவில்லை என்பதே உண்மை. பின்னேரம் வோடன் அம்மா சைக்கிளில் சுற்றி வந்தா. முளையைப் பார்த்தா, கரவனைப் பார்த்தா. "உங்கள் மூலை முளையில் இல்லையே" என்றா, அவ்வளவுதான். அந்த மனிதர் தான் எத்தனை வருசமாக வருகிறார் என்று ஏதோ தொடங்கினார். அவ முளையைக் கையால் காட்டினா. ஓனிங்கை மடித்து, கால்களைத் தூக்கி, இருட்ட முன்பு அவர் சரிப்படுத்தினார். இரண்டு நாள் கழித்து என் கார் மூன்று மீற்றருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றதற்கு எனக்கும் அதே குரலில் சொன்னா. எனக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு சந்தோசம் என்று மனுசிக்கு விளங்கவில்லை.

இது எங்களுக்குப் புதுக்கதையும் இல்லை. நண்பருடைய ஊரில் வேலி இல்லையா? எங்கள் ஐயாவுக்கும் கிழக்குக் காணிக்காரருக்கும் ஒன்றரை அடி நிலத்துக்கு பதினொரு வருசம் கோட்டில் வழக்கு. வேலி அடைக்கும் காலம் வந்தால் அவர்கள் கிளுவங் கதியாலை ஒரு சாண் இங்காலை தள்ளி நடுவார்கள். ஐயா இரவில் எழும்பிப் பிடுங்கி அங்காலை நடுவார். கதியால் வேர்விடப் பயந்து பட்டுப்போனதுதான் மிச்சம். வேலியில் இருந்த பொட்டை, அம்மாவும் அந்த வீட்டு மாமியும் கறி பரிமாறப் போய்வந்த பொட்டை, கிடுகு வைத்து அடைத்தார்கள். இரண்டு வீட்டுத் தேங்காயும் அப்புக்காத்துமாரின் வீட்டுக்குப் போனது. கடைசியில் சேவையர் வந்து சங்கிலி பிடித்து, உறுதியைப் பார்த்து, இரண்டு முனையிலும் கல்லு நாட்டினார். கல்லு நாட்டி ஒரு மாதத்துக்குள் அம்மா அந்தப் பொட்டைத் திரும்பத் திறந்தா. பதினொரு வருசம் கதைக்காத மாமி, எனக்குச் சின்னம்மை வந்தபோது வேப்பிலை கொண்டு வந்து தந்தா. ஐயா சாகும்வரைக்கும் சொல்வார், அந்தக் கல்லு முதல் வருசமே வந்திருந்தால் ஒரு காணி வாங்கியிருக்கலாம் என்று. தேசவழமையை 1707இல் டச்சுக்காரர் தாளில் எழுதுவித்தபோதும், அதற்கு முன்பு ஒவ்வொரு ஊரிலும் வாய் வல்லவன் சொன்னதுதான் வழமையாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. இது என் ஊகம்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. எழுதின சட்டமும் கழுத்தறுக்கும். நான் மேலே சொன்ன அதே 1960ஆம் ஆண்டுச் சட்டம்தான், தலைமுறை தலைமுறையாக வண்டில் வீடுகளில் வாழ்ந்த ஜிப்சி மக்கள் தனியார் நிலங்களில் தங்குவதைக் கடினமாக்கியது. அவர்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்று 1968இல் உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கடமை விதித்தார்கள். 1994இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். 1885இல் ஒரு கடற்படை வைத்தியர், கோர்டன் ஸ்ரேபிள்ஸ், பொழுதுபோக்குக்கென்று பிரிஸ்டலில் ஒரு குதிரை வண்டில் வீடு செய்வித்து ஊர் சுற்றினார். கரவன் விடுமுறைக்கு அவரைத்தான் தகப்பன் என்கிறார்கள். அவருக்கு மரியாதை. அதே மாதிரி வண்டிலில் வாழ்ந்தவனுக்குத் துரத்தல். ஆகவே எழுதினதெல்லாம் நீதி என்று நான் சொல்ல வரவில்லை. எழுதினதோடு சண்டை பிடிக்கலாம். தாளைக் காட்டி இது பிழை என்று சொல்லலாம். அந்த மனிதரின் சிரித்த முகத்தோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பேன்?

மரியாதைகள் வேறு. அவற்றுக்கு நான் எதிரி இல்லை. மற்றவனுடைய துண்டுக்குள்ளால் குறுக்கே நடக்காதே. கழிவுத் தண்ணியைப் பக்கத்துப் புல்லுக்குள் ஊற்றாதே. இரவு பத்து மணிக்குக் கார்க்கதவை அடித்துச் சாத்தாதே. இவை எல்லாருக்கும் ஒன்று. புதிதாய் வந்தவனும் இவற்றை ஒரு நாளில் படிக்கலாம். "அது எங்கள் ஆட்களுடைய இடம்" என்பதைத்தான் எந்தப் பிறப்பில் படிப்பது?

இப்போது எங்கள் ஆட்களுக்கு. போன ஓகஸ்ட்டில் மருமகனும் அவனுடைய கூட்டாளியும் எங்களோடு வந்தார்கள், மூன்று கரவன். வந்து இறங்கியவுடன் மருமகன் சொன்னான், மூன்றையும் ப வடிவில் நெருக்கி விட்டு, ஓனிங்குகளைத் தொடுத்து, நடுவில் அடுப்பு வைத்து வடை சுடுவோம் என்று. "மாமா, நாங்கள் ஒரு குடும்பம்தானே. எங்களுக்குள்ளை என்ன ஆறு மீற்றர்?" நான் முடியாது என்றேன். நெருப்புக்கு நாங்கள் ஒரு குடும்பம் என்று தெரியாது. துணிக்கூரைக்குக் கீழே கரி அடுப்பு வைத்தால் நெருப்பில்லாமலே புகையின் நஞ்சு ஆளைக் கொல்லும், மணமும் தெரியாது. இதையெல்லாம் சொன்னேன். சொல்லாத காரணம் இன்னொன்று. நாங்கள் மூன்று குடும்பமும் முளையை விட்டு நின்றால், நாளைக்கு யாரோ ஒருவர் எங்கள் முளைக்குள் வரும்போது நான் எந்த முகத்தோடு வோடன் அம்மாவைக் கூப்பிடுவது?

"நீங்கள் வெள்ளைக்காரனை விட மோசம்" என்று பெடியன் எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டான். மூன்று கரவனும் மூன்று முளையில் நின்றன. வடை அடுப்பை வெளியில், புல்லில், எல்லாவற்றுக்கும் தள்ளி வைத்தோம். மழை தூறியது. அவன் என்னோடு கதைக்காமல் வடையைத் தட்டில் வைத்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினான். பக்கத்துத் துண்டில் நின்ற கிழவர் மணத்துக்கு எட்டிப் பார்க்க, மனுசி அவருக்கும் நாலு கொடுத்தனுப்பினா. அவர் தன் துண்டு எல்லையில் வந்து நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் திருப்பித் தர வந்தார்.

தைப்பொங்கல் வரைக்கும் மருமகன் தொலைபேசி எடுக்கவில்லை. பொங்கலன்றைக்கு எடுத்தான். சுகம் கேட்டுவிட்டு, இந்த ஓகஸ்ட்டுக்குத் தான் பதிந்துவிட்டதாகவும், எங்களுக்கு அடுத்த இலக்கம் கேட்டு வாங்கியதாகவும் சொன்னான். கணக்காளர் நண்பரையும் கூட்டிக்கொண்டு வருவோமா என்று மனுசி கேட்கிறா. கரவனில் நாலாவது கட்டில் இருக்கிறது. மூலையை முளைக்குக் கொண்டுவர அவர் பின்னால் நின்று கை காட்டட்டும்.